கண்டமாலையும் கிறீன் வைத்தியரும்

திருகோணமலைத் துறைமுகத்தின் ஓரமாக அமைந்த பாடசாலையொன்றில் நான் ஆசிரியனாக இருந்த காலத்தில், எனது வகுப்பிலே கடற்றொழில் செய்யும் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் இருந்தான். ஒருநாள் அவன் கழுத்திலே துணி சுற்றிக்கொண்டு வந்தான். தாடையின் கீழே புளியங்கொட்டையளவிற்கு ஒரு கட்டி. அதன் அயலில் அதனினும் சிறியதாய் வேறொன்று. வீட்டிலே பாட்டியார் அதனைப் பார்த்த மாத்திரத்திலேயே கண்டமாலை என்று பெயரிட்டுவிட்டார். பெயர் கேட்ட தாய் கலங்கிப்போனாள். அந்தப் பெயருக்குப் பின்னே காசநோயும், ஆறாத புண்ணும், கல்யாணத்திற்குத் தடையாகும் தழும்பும் வரிசையாக நிற்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

பிள்ளையை ஒரு வைத்தியரிடம் கூட்டிச் சென்றோம். அவர் கட்டியைத் தொடுவதற்கு முன் பிள்ளையோடு பேசத் தொடங்கினார். எந்தப் பக்கத்தாற் சப்பிச் சாப்பிடுகிறாய் என்று கேட்டார். வலப்பக்கத்தால் மட்டும் என்றான் பையன். இடப்பக்கத்தில் ஏன் சாப்பிடுவதில்லை என்பது அடுத்த கேள்வி. கடைவாய்ப்பல் ஒன்று சொத்தையாகிச் சீழ் கோத்திருந்தது. பல்லைப் பிடுங்கிய சில வாரங்களில் கட்டியும் கரைந்து மறைந்தது.

பாட்டியாரை நான் பழிக்கமாட்டேன். அவர் வழங்கிய சொல் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வைத்திய மரபு வைத்துப்போன சொல். வடமொழி ஆயுர்வேத நூல்களும் தமிழ்ச் சித்த வைத்தியமும் அதனைக் கையாளுகின்றன. அச் சொல்லிலே ஒரு வேடிக்கையும் உண்டு. வடமொழியில் கட்டியைக் குறிக்கும் சொல் ஒன்று. கழுத்தைக் குறிக்கும் சொல் வேறொன்று. தமிழ் எழுத்திலே இரண்டும் கண்டம் என்ற ஒரே வடிவத்தை அடைந்துவிட்டன. ஆகவே கட்டிகளின் மாலை என்றும் கொள்ளலாம். கழுத்திலே விழுந்த மாலை என்றும் கொள்ளலாம். எப்படிக் கொண்டாலும் கண்ணாற் கண்டதைச் சொல்லும் அழகிய பெயரே. ஆனால் அது பெயர், காரணம் அன்று. கட்டி ஏன் வந்தது என்ற கேள்வியை அந்தப் பெயர் எழுப்புவதில்லை. பலவேளை அடக்கியும் விடுகிறது.

அன்று அந்த வைத்தியர் பிள்ளையின் மொழியிலே பேசிக் காரணத்தைத் தேடிச் சென்றதைப் பார்த்திருந்தபோது, நூறாண்டுக்கு முன் மானிப்பாயிலிருந்து இதனையே ஒரு கல்வியாக வகுத்துக் கற்பித்த ஒருவர் என் நினைவுக்கு வந்தார். அவரே சாமுவேல் பிஸ்க் கிறீன்.

கிறீன் 1822-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 10-ஆம் நாள் அமெரிக்காவில் மசாச்சுசெட்சு மாநிலத்து வூஸ்டர் நகரை அடுத்த கிறீன் ஹில் என்னும் பண்ணையிலே பிறந்தார். அவருடைய அண்ணன் அண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன் பிற்காலத்தில் நியூயோர்க் நகரின் மத்திய பூங்காவை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவர். அந் நகரைப் பெருநகராக ஒன்றிணைத்தவர் என்ற புகழும் அவருக்குண்டு. தம்பியோ நியூயோர்க்கிலே மருத்துவம் பயின்று 1845-இல் பட்டம் பெற்றார். செல்வமும் செல்வாக்கும் அருகிலே காத்திருந்தன. அவர் தேர்ந்தது யாழ்ப்பாணத்தை.

அவர் தேர்ச்சி பெற்ற காலம் மருத்துவ வரலாற்றின் ஒரு திருப்பம். 1846 அக்டோபர் 16-ஆம் நாள் பொஸ்டன் நகரத்து மருத்துவமனையொன்றில், ஈதர் என்னும் ஆவியை மூச்சிழுக்கச் செய்து, நோயாளி வலியறியாதிருக்கச் சத்திரசிகிச்சை செய்து காட்டினார்கள். உலகமே வியந்த அந்தச் சிகிச்சையில் கத்தி பட்ட இடம் எது? ஓர் இளைஞனின் கழுத்து. அங்கிருந்ததும் ஒரு கட்டியே. ஆனால் அது நெறிக்கட்டு அன்று. பிறவியிலேயே அமைந்த இரத்தக்குழாய்க் கட்டி. கழுத்திலே எழும் வீக்கங்கள் எத்தனை இனத்தன என்பதற்கு இதுவும் ஒரு சான்று. அதற்கு அடுத்த ஆண்டிலேயே கிறீன் கடல் கடந்து இலங்கை வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 25.

அக்காலத்துத் திருகோணமலையை இங்கே ஒருகணம் நினைத்துப் பார்ப்பது பொருந்தும். 1795-இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய இத் துறைமுகம் அவர்களுடைய கடற்படையின் தளமாயிற்று. 1957 வரை அவ்வாறே இருந்தது. கப்பல்களோடு மேலைநாட்டு மருத்துவர்களும் வந்தனர். கடற்படையினருக்கென மருத்துவமனையும் இருந்தது. ஆயினும் அந்த அறிவு ஆங்கிலத்திலே வந்து, ஆங்கிலத்திலே வழங்கி, கப்பலேறிப் போய்விட்டது. கொட்டியாரக் குடாவின் கரையிலே வாழ்ந்த தமிழ்த் தாய்க்கு அது சென்றடையும் வழி யாதும் இருக்கவில்லை. இவ்வளவிற்கும் யாழ்ப்பாணக் குடாநாடு இங்கிருந்து மிகத் தொலைவிலும் இல்லை. ஆனால் அமெரிக்க மிசனாரின் களம் அக் குடாநாட்டோடு நின்றது. இங்குத் தொண்டாற்றியவர்கள் வெசுலியன் மிசனார்.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசன் 1816-லேயே கால்கொண்டிருந்தது. அதன் முதல் மருத்துவர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பிலே பணிபுரிந்தார்; அவருக்குப் பின் நேதன் வார்ட் வட்டுக்கோட்டையிலே சிகிச்சையும் கற்பித்தலும் நடத்தினார். வார்டின் இடத்தை நிரப்ப வந்தவரே கிறீன். வட்டுக்கோட்டையிற் சிறிது காலம் இருந்துவிட்டு 1848-இல் மானிப்பாய்க்கு இடம்பெயர்ந்தார். மருந்துசாலை ஒன்றைத் திறந்தார். அவ்வாண்டிலேயே சில இளைஞர்களைச் சேர்த்து மருத்துவமும் கற்பிக்கத் தொடங்கினார். கொழும்பிலே அரசினர் மருத்துவக் கல்லூரி தோன்றியது 1870-இல் என்பதை எண்ணும்போது, மானிப்பாய் வகுப்பு அதற்கு 22 ஆண்டு மூத்தது என்பது விளங்கும்.

மருந்துசாலைத் திண்ணையிலே அவரைத் தேடி வந்தவர்கள் எத்தகைய நோயுடன் வந்திருப்பர் என்பதை நாம் ஊகிக்கலாம். காய்ச்சல், புண், கண்ணோய், பேதி. அவற்றோடு கழுத்திலே நெறி கட்டிய பிள்ளைகளும். இக் கடைசிக் கூட்டத்தார் மருத்துவனுக்கு எப்போதும் ஒரு சோதனை. மனித உடலிலுள்ள நிணநீர்க் கணுக்களிலே ஏறத்தாழ 300 கழுத்திலேயே அமைந்துள்ளன. தலை, முகம், வாய், தொண்டை ஆகிய அயல்நிலங்களிலிருந்து வடிந்து வரும் நிணநீரை அவை வடித்தெடுக்கின்றன. அயலிலே பகைவன் புகுந்தால் காவற்கூடம் வீங்குகிறது. ஆகவே வீக்கம் நோயன்று. நோய் எங்கோ இருக்கிறதென்னும் செய்தி.

அச் செய்தியைப் படிக்கும் கலை விரலாலும் வினாவாலும் நடப்பது. தாடையின் கீழே வீங்கியிருந்தால் பல்லையும் ஈற்றையும் வாயின் அடித்தளத்தையும் பார்க்கவேண்டும். தாடையின் கோணத்திலே வீங்கினால் தொண்டையையும் அண்ணக்குச் சுரப்பிகளையும். பிடரிப் பக்கத்திலே வீங்கினால் தலைமயிரை விலக்கிப் பேனும் சிரங்கும் உண்டா என்று காணவேண்டும். பிள்ளைகளிலே பெரும்பாலும் விடை அங்கேயே கிடைக்கும். தொட்டால் வலித்து, மெதுவாக, காய்ச்சலுடன் சில நாட்களிலே எழுந்தது பெரும்பாலும் கிருமித் தாக்குதல். வலியின்றி, மாதக்கணக்கிலே மெல்ல வளர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டி, பின் மெதுவாகி உடைந்து சீழ் வடிவதே உண்மையான கண்டமாலை. அது காசநோயின் ஒரு வடிவம். கல்லைப்போல் இறுகி, அடித்தசையோடு பிணைந்து அசையாது நிற்பது, அதுவும் ஆண்டுக்கணக்காக வெற்றிலையும் புகையிலையும் மென்ற முதியவரிடத்திலே, வாய்ப் புற்றுநோயை ஐயுறச் செய்யும். இறப்பர் உருண்டைபோல் நழுவும் பெருங்கணுக்கள் வேறொரு நோயைச் சுட்டும். லண்டன் மருத்துவர் தோமஸ் ஹொட்ச்கின் 1832-இல் விவரித்த நோய் அது. இடப்பக்கக் காறையெலும்பின் மேலே எழும் தனிக் கணு வயிற்றினுள்ளே மறைந்த புற்றுநோயின் தூதாகலாம் என்பதை ஜெர்மானியரான விர்கோ 1848-இல், கிறீன் மானிப்பாய்க்கு வந்த அதே ஆண்டில், எடுத்துக்காட்டினார். இவையன்றிக் கணுவே அல்லாத வீக்கங்களும் உள. எச்சில் விழுங்கும்போது மேலும் கீழும் அசைவது கண்டக்கழலை. காதின் முன்னும் கீழும் கன்னம் உப்புவது கூகைக்கட்டு.

இவ்வளவையும் பிரித்தறிவதற்குக் கிறீனிடம் இருந்த கருவிகள் மிகச் சில. எக்ஸ் கதிர் 1895-இல் வந்தது. அப்போது அவர் உயிரோடில்லை. ஊசியாற் கணுவினுள்ளிருந்து சிறிது எடுத்து உருப்பெருக்கியின் கீழே வைத்துப் பார்க்கும் இன்றைய வழக்கம் அன்று மருத்துவர் கையில் இல்லை. கண், விரல், கேள்வி, இவையே கருவிகள். கண்ணும் விரலும் எந்த நாட்டானுக்கும் பொது. கேள்வி மட்டும் ஒரு மொழியிலே கேட்கப்படவேண்டும். எத்தனை நாளாயிற்று, இராக் காலத்திலே வியர்க்கிறதா, உடம்பு மெலிகிறதா, வீட்டில் யாருக்கேனும் நெடுநாள் இருமல் உண்டா என்பனவற்றை நோயாளி தன் வாயாற் சொன்னாலன்றி மருத்துவன் அறிய வழியில்லை. கிறீன் இதனைத் தெளிவாகக் கண்டார் என்பதே என் கருத்து. அவர் தமிழை முறையாகக் கற்றார். பேசுமளவோடு நிற்காமல் அறிவியலை எழுதுமளவிற்குக் கற்றார்.

தொடக்கத்தில் அவருடைய வகுப்பு ஆங்கிலத்திலேயே நடந்தது. கற்றுத் தேறியவர்களிற் பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரை விட்டுப் போயினர். ஊராருக்கென்று பயிற்றியவர்கள் ஊராருக்குக் கிட்டவில்லை. கிறீன் 1857-இல் தாய்நாடு சென்று, 1862-இல் மாகரெட் பெல்ப்ஸ் வில்லியம்ஸ் என்னும் மாதை மணந்து, அவருடன் மீண்டும் மானிப்பாய் சேர்ந்தார். இரண்டு ஆண்டு கழித்து, 1864-இல், மருத்துவக் கல்வியை முற்றுமாகத் தமிழுக்கு மாற்றினார். மாணாக்கர் தம் நாட்டு உடையையும் பழக்கத்தையும் கைவிட்டு மேல்நாட்டாரைப் போல ஆவதை அவர் விரும்பவில்லை. மதத்தைப் பரப்பவே வந்தவர் அவர். அதனை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. ஆனால் மதம் மாறியவனும் தமிழனாகவே வாழவேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். அவரிடம் பயின்று வைத்தியராயினோர் 60-க்கு மேற்பட்டோர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலேயே கற்றவர்கள்.

தமிழிலே கற்பிப்பதென்றால் தமிழிலே நூல் வேண்டும். இங்குதான் கிறீனின் உழைப்பு மலைப்பைத் தருகிறது. பிரசவ வைத்தியம் 1857-இல் வெளிவந்தது. துருவித் என்னும் ஆங்கிலச் சத்திர வைத்தியரின் நூல் இரண வைத்தியம் என்ற பெயரில் 1867-இல் வந்தது. 1872-இல் கிறே எழுதிய புகழ்பெற்ற உடலமைப்பு நூல் மனுஷ அங்காதிபாதம் ஆயிற்று. அவ்வாண்டே வைத்தியாகரமும் வெளிவந்தது. கெமிஸ்தம் 1875, மனுஷ சுகரணம் 1883. டான்வர்த், சப்மன் முதலிய மாணாக்கர் மொழிபெயர்ப்பிலே தோள் கொடுத்தனர். பெயரைப் பார்த்து இவர்களை அமெரிக்கர் என்று எண்ணிவிடலாகாது; கொடையாளர் பெயரைச் சூடிய தமிழ் இளைஞர்களே இவர்கள். எல்லாம் சேர்ந்து 4,000-க்கு மேற்பட்ட பக்கங்கள். அச்சுக்கோப்பவன் முதல் ஆசிரியன் வரை எவரும் முன்பு கண்டிராத சொற்கள் பக்கந்தோறும் நிரம்பியவை.

அச் சொற்களைக் குறித்து இலக்கிய அன்பர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. கிறீன் வகுத்துக்கொண்ட முறை எளியது. முதலில் தமிழிலே சொல் உண்டா என்று தேடுவது. இல்லையேல் வடமொழியை நாடுவது. அங்கும் இல்லையேல் மேல்நாட்டுச் சொல்லுக்கே தமிழ் ஈறு கொடுத்து எடுத்துக்கொள்வது. கெமிஸ்தம் என்பது மூன்றாம் வகை. அங்காதிபாதமும் சுகரணமும் இரண்டாம் வகை. இன்று நமது பாடநூல்கள் உடலமைப்பியல் என்றும் உடற்றொழிலியல் என்றும் சொல்கின்றன. அவை நல்ல தமிழ் என்பதில் ஐயமில்லை. எனினும் கிறீனின் சொற்கள் நிலைக்கவில்லை என்று நகைப்போரோடு நான் சேரமாட்டேன். வெறும் நிலத்திலே முதற் சாலை போட்டவன் அதனை வளைத்துப் போட்டான் என்று குறை கூறுவது, பின்னால் வந்து நேரிய சாலையிலே வண்டியோட்டுபவனுக்கு எளிது.

இனி, அந்த நூல்களின் குறையையும் சொல்லவேண்டும். கண்டமாலைக்குக் காரணம் யாது என்ற கேள்விக்கு அக்கால மேலை மருத்துவம் அளித்த விடை பெரும்பாலும் தவறு. பெற்றோர் வழி வந்த உடல்வாகு, நல்லுணவின்மை, ஈரமும் இருளும் நிறைந்த வீடு என்று அது பேசியது. வறுமை இந்நோய்க்குத் துணைநிற்கிறது என்பது மெய்யே. ஆனால் அதனை விளைப்பது கிருமி. ஐரோப்பா இதிலே நம்மை இகழும் நிலையில் என்றும் இருந்ததில்லை. அரசன் தொட்டால் கண்டமாலை தீரும் என்று இங்கிலாந்தும் பிரான்சும் பல நூற்றாண்டு நம்பின. அரசனின் நோய் என்றே ஆங்கிலத்தில் அதற்குப் பெயர். ஆங்கில அகராதி கண்ட சாமுவேல் ஜோன்சன் குழந்தையாயிருந்தபோது, 1712-இல், தாய் அவரை லண்டனுக்குத் தூக்கிச் சென்று ஆன் அரசியின் கையாலே தொடுவித்தாள். நோய் தீரவில்லை, கழுத்திலே கத்தி வைத்ததன் தழும்பு அப் பெரும்புலவரோடு வாழ்நாள் முழுவதும் இருந்தது. மாணவருக்கு ஜோன்சனைப் பாடஞ் சொல்லும் ஆசிரியர்கள் இதனையும் சொல்லலாம். நம் பாட்டியார் கட்டும் கறுப்பு நூலுக்கும் அந்த அரசியின் விரலுக்கும் எவ்வளவு வேறுபாடு என்று மாணவரே முடிவு செய்யட்டும்.

உண்மையான விடை 1882 மார்ச் 24-ஆம் நாள் பெர்லினிலே வெளிப்பட்டது. காசநோயை விளைக்கும் கிருமியைக் கண்டதாக ரொபேட் கொக் அன்று அறிவித்தார். நெஞ்சிலே இருமலாகவும் கழுத்திலே மாலையாகவும் தோன்றுவது ஒரே நோய் என்பதற்கு அதனால் உறுதியான சான்று கிடைத்தது. அந்நாளில் கிறீன் எங்கே இருந்தார்? உடல் தளர்ந்து 1873-இல் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்றவர், பிறந்த பண்ணையிலே, பனி மூடிய ஜன்னலருகே அமர்ந்து, தமிழ் மருத்துவ நூல்களின் கையெழுத்துப் படிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். சுற்றிலும் தமிழ் பேசுவார் எவருமில்லை. கப்பலிலே படிகள் போவதற்கும் வருவதற்கும் மாதங்கள் செல்லும். இரண வைத்தியம் அச்சாகி அப்போது 15 ஆண்டாகிவிட்டது. பெர்லினிற் கிடைத்த விடையைத் தமிழுக்குக் கொண்டுவர அவருக்குக் காலம் மிஞ்சியிருக்கவில்லை.

அதனினும் பெரிய இழப்பு மானிப்பாயிலே நேர்ந்தது. கிறீன் புறப்பட்டபின் தமிழ் மருத்துவ வகுப்பு தளர்ந்தது. கொழும்புக் கல்லூரி ஆங்கிலத்திலே கற்பித்தது; அரசாங்க உத்தியோகமும் மதிப்பும் அந்த வழியிலேயே இருந்தன. தமிழிலே மருத்துவம் கற்றால் எங்கே போவது என்று கேட்ட இளைஞனைக் குறை சொல்ல முடியாது. தமிழ் நூல்கள் அலுமாரியிலே தங்கின. அவ் வகுப்பு அறாது தொடர்ந்திருந்தால், கொக் கண்டது, எக்ஸ் கதிர் காட்டியது, ஊசியும் உருப்பெருக்கியும் சொன்னது எல்லாம் அடுத்தடுத்த பதிப்புகளிலே தமிழில் ஏறியிருக்கும். கண்டமாலை என்ற பழைய பெயரும், அதற்குள் ஒளிந்துள்ள பல காரணங்களும், ஒரே ஏட்டிலே பக்கம் பக்கமாக நின்றிருக்கும். இன்று திருகோணமலையிலேயே கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்திற் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. அதே நகரத்து மருத்துவமனையிலே மேலை மருத்துவம் நடக்கிறது. இரண்டிற்கும் இடையே தாய் ஒருத்தி பிள்ளையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இரு வாரத்திற்கு மேலும் கரையாத கட்டியை, வலியில்லையே என்று எண்ணி வாளாவிருக்கக் கூடாதென்பதை அவளுக்கு அவளுடைய சொல்லிலே யாரேனும் சொல்லியாகவேண்டும். வலியில்லாத கட்டியே சிலவேளை அதிகம் அஞ்சத்தக்கது என்பது பொதுவழக்குக்கு மாறான செய்தி. சைகையாலும் துண்டு மொழியாலும் அதனை விளங்கவைக்க இயலாது.

கிறீன் 1884 மே மாதம் 28-ஆம் நாள் கிறீன் ஹில்லிலே காலமானார். வயது 61. தமிழருக்கு மருத்துவத் தொண்டராக இருந்தவர் என்பதே தம் கல்லறையிலே பொறிக்கப்படவேண்டும் என்று விரும்பியிருந்தார். வூஸ்டர் நகரத்து இடுகாட்டில் அக் கல் அவ்வாறே நிற்கிறது. அண்ணன் 1903 வரை வாழ்ந்தார். குடும்பத்துப் பண்ணை 1905-இல் வூஸ்டர் நகரத்தாருக்குப் பூங்காவாக வழங்கப்பட்டது. மானிப்பாய் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.